திருநாளைப்போவாரும் திருக்கோயில் வாயிலும்

திருத்தொண்டர் அறுபத்து மூவருள் ஒருவராகிய திருநாளைப்போவார் நாயனாரது திருவுருவம் சிவாலயங்களின் உள்ளே, நாயன்மார் வரிசையில் வைத்து வழிபடப்பெற்று வருகின்றது. புரட்டாசித் திங்கள் உரோகிணி நாளில் அவர்க்குக் குருபூசை நிகழ்த்தப்படுகின்றது. அங்ஙனமாகவும், அவர் பிறந்த குலத்து மக்கள் அவ்வாலயங்களின் வாயிலைக் கடந்து உட்புகுதல் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. கல்லினும் செம்பினும் அமைந்த நந்தனார் உள்ளே நின்றார். ஊனும் உயிரும் உடைய அவர் சுற்றத்தார் புறத்தே நின்றனர். ஒருவரைத் தெய்வமாகத் தொழுதல், அவர் இனத்தார்க்குச் செய்யவேண்டிய நீதிக்கு ஈடாகுமோ என்னும் வினா இந்நிலையினின்றும் எழுவதாகும். குடியரசு முறையில் ஒவ்வொருவரும் ஒரே நிறையுடைய வாக்கினர் என்று கொள்ளப்படும் இக்காலத்தில், சைவ நன்மக்கள் இவ்வினாவைத் தம் நூல்களைக் கொண்டே ஆராய்தல் கடப்பாடாகும். அவ்வாராய்ச்சியின் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

நூல்கள் கூறுவன

நாயனாரது வரலாறு ஒரே காலத்தில் ஒரே வடிவிற் கிடைத்ததன்று. நூல்தோறும் வளர்ந்து வந்தது. முதற்கண் அவரைக் குறித்தவர் ஆளுடைய நம்பிகள். திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகையில் அவர் நாயனாரைச் செம்மையுடையவர் என்ற அளவிற் சிறப்பித்து, அவர்க்கும் தாம் அடியேன் என்று கூறியமைந்தனர். குலம், ஊர், தீப்புகுதல் ஆகிய ஒன்றும் அங்கு இல்லை. இதன்கண் ஒன்று நோக்கத்தக்கது. சுந்தரர் ஆதிசைவர் மரபினர். ஆலய பூசைக்கு உரிய குலத்தவர். அவர் தம் தொகையைத் தில்லைவாழந்தணர்க்கு அடிமை பூணுதலிற் றொடங்கி, தில்லைக்குட் புக அஞ்சிப் புறத்தே நின்ற ஒருவர்க்கும் அதே அடிமையைப் பூண்கின்றார். தொகையில் முன்பின் உண்டு, மேல்கீழ் இல்லை.

அடுத்து, திருத்தொண்டர் திருவந்தாதி செய்த நம்பியாண்டார் நம்பிகள், நாயனாரது ஊர் ஆதனூர் என்றும், அம்பலவர் அருளால் அவரது புலைத்தன்மை நீங்கியது என்றும், தில்லை மூவாயிரவர் அவரைக் கைகூப்பினர் என்றும் உரைத்தனர். வேள்வித்தீயைப் பற்றி அவர் ஒன்றும் கூறினாரல்லர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமானே இவ்வரலாற்றை விரித்துரைத்தார். கொள்ளிடக்கரையை அடுத்த மேற்காநாட்டு ஆதனூரும், அதன் புறத்துப் புலைப்பாடியும், அங்குள்ள குடில்களும், உலரும் தோலும், கோழிக் குஞ்சுகளும், குழந்தைகளும், நெற்குற்றும் மகளிரது பாடலும் அவர் வாக்கில் ஓவியம்போல் விளங்குகின்றன. சோழப் பேரரசின் அமைச்சராயிருந்த ஒருவர், பெருங்காப்பியத்துட் சேரி ஒன்றனை இவ்வளவு அணுக நோக்கிப் பாடினமை வியப்புக்குரியது. நந்தனார் திருப்புன்கூர் சென்றதும், ஆண்டு நந்தி விலகிச் சிவலோகநாதர் காட்சி கொடுத்ததும், அவர் அங்குத் திருக்குளம் அகழ்ந்ததும், பன்னாள் 'நாளைப் போவேன்' என்று கூறிப் பின் தில்லையெல்லை அடைந்ததும், உட்புக அஞ்சி இரவு பகலாக வலம் வந்ததும், இறைவன் கனவில் தோன்றி எரியில் மூழ்கி வரப் பணித்ததும், தென்திசை வாயிற் புறத்தே அந்தணர் தீயமைத்ததும், அவர் முனிவர் வடிவொடு தோன்றி உட்சென்று மறைந்ததும் ஆகிய அனைத்தும் பெரியபுராணத்தால் நாம் அறிவனவாம்.

கொடிய நிலக்கிழாராகிய வேதியர் ஒருவர் சேக்கிழார் வாக்கில் இல்லை. அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வந்து புகுந்தவர். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்த பின்னரே தில்லைக்குச் செல்லலாம் என்று அவர் விதித்ததும் பாரதியார் படைப்பே. 1935-லும் 1942-லும் வெளிவந்த நந்தனார் திரைப்படங்கள் அவ்வேதியரை நாடெங்கும் அறியச் செய்தன. ஆராய்ச்சியாளர் இதனைப் பிற்சேர்க்கை என்று தள்ளுவர். எனினும், அச்சேர்க்கை தஞ்சை நாட்டுப் பண்ணையாள் முறையைக் கண்ணாரக் கண்ட ஒருவரது சேர்க்கை என்பதை மறத்தலாகாது. சேக்கிழார் காட்டிய தடை கோயில் வாயிலில் நின்றது. பாரதியார் காட்டிய தடை வயல் வரப்பில் நின்றது. இரண்டும் மெய்யான தடைகளே.

பேரிகையும் தோலும்

நந்தனார் செய்த தொண்டு யாது? பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் அளித்தார் என்று சேக்கிழார் கூறுகின்றார். தமக்கு வாழ்வாதாரமாக ஊரார் விட்ட பறைத்துடவை என்னும் நிலத்தின் வருவாயைக் கொண்டே அவர் வாழ்ந்தனர். இப்பட்டியலை ஊன்றி நோக்குக. கோயிலின் உள்ளே எழும் முழவொலியும் யாழொலியும் சேரியினின்றும் வந்த பொருளால் எழுவன. கருவறைக்குட் செல்லும் கோரோசனை அவர் கையினின்றும் சென்றது. கொடுத்த பொருள் உள்ளே சென்றது. கொடுத்த கை வாயிலில் நின்றது. பொருளுக்கு இல்லாத தீட்டு அதனைப் பதப்படுத்தியவர்க்கு எங்ஙனம் வந்தது என்ற வினாவைப் புராணம் வாய்விட்டுக் கேட்டிலது; கேட்கும் வண்ணம் பொருள்களை நிரல்பட நிறுத்தி வைத்துள்ளது.

சமுதாய நிலையைக் கல்வெட்டுக்களும் தெரிவிக்கின்றன. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நிலம் விட்ட ஊர்களைக் கூறும் சாசனங்களில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் இறையிலி இடங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீண்டாமை ஊர் அமைப்பிலும் அரசிறைக் கணக்கிலும் இடம் பெற்றுவிட்டது. சேக்கிழார் பாடிய புலைப்பாடி அவர் கண்முன் இருந்த உலகமே.

பாணர்க்கு இட்ட பொற்பலகை

தீயிற் புகுந்த பின்னரே நந்தனார் உள்ளே விடப்பட்டார். ஆதலின் பிறப்பின் இழிவு தீயாலன்றி நீங்காது என்பதே புராணத்தின் கருத்து என்பாரும் உளர். அதனையே பற்றிக்கொண்டு, ஓர் அடியவர் எரியிலிடப்பட்ட கதையே இது என்று வெகுண்டு உரைப்பாரும் உளர். இருவரும் அந்நூலின் ஒரு பகுதியை மட்டும் நோக்கினவராவர். சேக்கிழார் வாக்கிலேயே இதற்கு மறுதலையாய வரலாறு ஒன்று உண்டு.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறே அது. ஆலவாய்த் திருவாயிலின் முன்னர் அவர் நின்று பாடினர். இறைவன் அன்றிரவு தொண்டர் அனைவர்க்கும் கனவில் உணர்த்த, அவர்கள் பாணரைத் திருமுன்பு கொண்டு புகுந்தனர். தரையின் ஈரம் யாழைத் தாக்கும் என்று பொற்பலகை இடுமாறு இறைவன் பணித்தனன். ஆண்டுத் தீயும் இல்லை, உருமாற்றமும் இல்லை. பாணர் பாணராகவே புகுந்து, பாணராகவே பாடினர். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார், சம்பந்தப் பிள்ளையாரது ஆணையின்படி, பாணர்க்கும் அவர்தம் விறலியார்க்கும் வேள்விக் குண்டத்தின் அருகே துயில இடம் அளித்தார். அவ்வேள்வித்தீ அணைந்திலது, வலஞ்சுழிந்து எழுந்தது என்று புராணம் கூறும். தில்லையில் அடியவர் தீயினுட் சென்றார். சாத்தமங்கையில் தீயே அடியவர் பக்கல் மகிழ்ந்து சுழன்றது. இரண்டும் ஒரே ஆசிரியர் வாக்கு.

ஆகவே தீ என்பது அனைவர்க்கும் விதித்த விதியன்று. ஓரடியார்க்கு ஒருகால் நிகழ்ந்த அருட்செயல். அதனை ஓர் இனத்துக்கே உரிய நிபந்தனையாக்குதல், புராணத்தை உரைகல்லாகக் கொள்ளாது பூட்டாகக் கொள்ளுதலாகும்.

சாத்திர நோக்கு

சைவ சித்தாந்த சாத்திரத்தின் முடிபும் இதுவே. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய அன்பரது வேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரன் என்று தொழுமாறு விதிக்கின்றது. இரண்டையும் ஒரே வினை கொண்டு முடித்தமையின், ஒன்றைத் தொழுவான் மற்றொன்றை இகழ்தல் இயலாது. ஆலயத்தின் தூய்மையைக் காப்பதாகக் கருதி அடியவரைப் புறத்தே நிறுத்துவோர், அச்சூத்திரத்தை இரண்டாகப் பிளந்து ஒருபாதியை எறிந்தவராவர். பசுவை உரித்துண்ணும் புலையரேனும் சிவனடியாராயின் அவரே தாம் வணங்கும் கடவுள் என்று திருநாவுக்கரசர் தனித் திருத்தாண்டகத்தில் உரைத்ததும் இதனோடு ஒத்து நோக்கற்பாலது.

சந்தான குரவருள் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியர் தில்லைவாழந்தணருள் ஒருவர். தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். திருமடத்துக்கு விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்கு, இறைவன் திருமுகம் பெற்று, அவர் நிருவாண தீக்கை செய்து முத்தி அளித்தார் என்பது சைவ மரபு வழங்கும் வரலாறு. தீக்கையாவது மலக்கழிவு, குலக்கழிவு அன்று. உயிர்கட்கெல்லாம் ஆணவம் அநாதியே பொது என்று கொண்ட ஒரு சாத்திரம், ஒரு சாராரை மட்டும் பிறப்பால் தூயர் என்றும் மற்றொரு சாராரைப் பிறப்பால் தூயரல்லர் என்றும் கூறுதற்கு இடமே இல்லை.

வாயில் திறந்த வரலாறு

நூல்கள் இங்ஙனம் இருப்பவும், வாயில்கள் நூல்களால் திறந்தில. இதனை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார் குலத்தார் உட்புகுந்தமை பற்றி எழுந்த வழக்கு, 1908-ல் இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று அவர்கட்கு மாறாகவே முடிந்தது. முன்னை வழக்கமே அத்தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. 1924-ல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானம், பொதுவழி, பொதுக்கிணறு முதலியவற்றை எல்லார்க்கும் உரிமையாக்க முற்பட்டது. அவ்வாண்டே வைக்கத்தில் தொடங்கிய கிளர்ச்சி, சிவாலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்கே எழுந்தது, கோயிலுட் புகுதற்கன்று. வீதியில் நடப்பதற்கே இருபது திங்கள் போராட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மன்னரது ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது.

சென்னை மாகாணத்தில் 1938-ல் எம். சி. ராஜா கொணர்ந்த ஆலயப் பிரவேச மசோதா நிறைவேறிற்றிலது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடன்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுட் புகுந்தனர். அர்ச்சகர் சிலர் பூசை செய்ய மறுத்தனர், வழக்குகளும் எழுந்தன. அதன்பின் அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாணர்க்குப் பொற்பலகை இட்ட அதே ஆலவாயில், அவர்போன்றார் உட்புகுந்தமைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டியிருந்தது! தொண்டர் அனைவர்க்கும் இறைவன் கனவில் உரைத்த ஆணை, எழுதப்பட்ட ஏட்டில் இருந்ததேயன்றி ஏற்றவர் நெஞ்சில் இருந்திலது போலும்.

பின்னர் 1947-ல் மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் தழுவிய சட்டம் வந்தது. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 25-ஆம் உறுப்பு பொதுவாய இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினர்க்கும் திறந்துவிடச் சட்டம் செய்தற்கு இடந்தந்தது. தென்கன்னட நாட்டு மூல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957-ல், ஒரு பிரிவினர் தம் சமயச் செயல்களைத் தாமே நடத்தும் உரிமையினும் இத்திறப்புரிமையே மேம்பட்டது என்று தீர்ப்புக் கூறியது. அப்பிரிவினர்க்கே உரிய சில சிறப்பு வழிபாடுகளை மட்டும் அவர்கட்கு விட்டது.

தடையும் விடையும்

'நந்தனார் அருளாற் புகுந்தார், சட்டத்தாற் புகுந்தாரல்லர். அருளை வேண்டி நிற்பதை விடுத்துச் சட்டத்தை நாடுதல் சைவமாகுமோ?' என்று வினவுவாருக்குக் கூறுவது இது. அருள் வழங்குதல் இறைவன் செயல். வாயிலை அடைத்தல் மனிதர் செயல். சட்டம் தடுப்பது பின்னதையே. அது எவர்க்கும் அருளை அளிக்க முற்பட்டிலது; ஒருவன் மற்றொருவனைத் தடுக்கும் கையை மட்டும் விலக்கியது. மேலும், புராணத்தில் இறைவன் நந்தனார்க்கு மட்டும் கனவில் உரைத்தானல்லன், தில்லைவாழந்தணர்க்கும் ஆணையிட்டான். வாயிலுக்கு உரியாரைப் பணித்த பின்னரே வாயில் திறந்தது. அருளும் ஆணையும் அங்கு ஒன்றற்கொன்று மாறுபட்டில.

'பெரும்பான்மையோர் வாக்கால் அமையும் அரசுக்குச் சமயத்தில் என்ன வேலை?' என்பது மற்றொரு தடை. இதன்கண் ஓர் உண்மை உண்டு. இறைவன் இயல்பையும் மந்திரப் பொருளையும் வாக்கெண்ணித் துணிதல் கூடாது. எனினும், ஊர்ப் பொதுவான கோயிலுக்குள் ஊரார் சிலர் புகலாமோ என்பது இறையியல் வினாவன்று. மக்களுக்குள் நிகழும் நீதி பற்றிய வினா. அதனைத் தீர்த்தல் குடியரசின் கடமை. பரம்பரை உரிமையை நீக்கிய 1970-ஆம் ஆண்டின் அர்ச்சகர் சட்டத்தை ஆய்ந்த 1972-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவ்வேறுபாட்டையே தொட்டது: அர்ச்சகரை அமர்த்துதல் உலகியற் செயல் என்றும், ஆகம விதிப்படி பூசை நடத்தல் சமயச் செயல் என்றும் அது பகுத்தது. 2006-ன் அரசாணையும், பயிற்சிப் பள்ளிகளும், 2021 ஆகஸ்டில் பல குலத்தாரும் அர்ச்சகராக நியமிக்கப்பட்டமையும் அதன் வழிவந்தவை. இவற்றைப் பற்றிய வழக்கும் வாதமும் தனியே ஆராயத்தக்கன.

வாயிலுக்கு அப்பால்

இனி, நாம் மகிழ்ந்து நின்றுவிடலாகாத இடம் ஒன்று உண்டு. கோயில் திறப்பே மற்றோர் அடையாளமாய் நின்றுவிடுதலும் கூடும். 1933 பிப்ரவரியில் அம்பேத்கர் அக்கால ஆலயப் பிரவேச மசோதாவைப் பற்றி எழுதிய அறிக்கையில் இதனையே எச்சரித்தார். தாழ்த்தப்பட்டார் உயர்வு கல்வியிலும் தொழிலிலும் உள்ளது என்றும், ஆலயம் புகுதல் சமத்துவத்தின் முடிவாயின் அதனால் பயனில்லை என்றும் அவர் கருதினார். அவர் முடிவுகள் அனைத்தையும் சைவர் ஏற்பதில்லை, இவ்வெச்சரிக்கை ஏற்கத்தக்கதே.

சுவாமி சகஜானந்தர் இதனைச் செயலிற் காட்டினார். அவர் 1916-ல் சிதம்பரத்தில், நாயனார் தீப்புகுந்த இடமென்று மரபுரைக்கும் ஓமக்குளத்தை அடுத்து, நந்தனார் பெயராலேயே பள்ளி நிறுவினார். நந்தனார்க்குச் சிலை எடுப்பதினும், நந்தனார் குலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் அவர்க்கு முதற்பணியாயிற்று. அடையாளமும் நீதியும் ஒரே பெயரில் இணைந்து நின்ற இடம் அப்பள்ளி. கோயில் நுழைவுக்கும் அவர் பாடுபட்டார்; ஒன்றற்காக மற்றொன்றைக் கைவிட்டாரல்லர்.

இங்ஙனம் இணையாவிடத்து விளைவது யாது? நந்தனார் தீயை ஆண்டுதோறும் நினைந்து கண்ணீர் உகுக்கும் அதே காவிரி நாட்டில், கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு பற்றிய பூசலின் முடிவாக, உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் நாற்பத்து நால்வர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளுமே அவருட் பெரும்பாலார். ஆண்டுத் தீயினின்றும் முனிவர் எவரும் எழுந்திலர். எழுந்தது சாம்பர் மட்டுமே. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சேரியைப் பிரித்து 1989-ல் எழுப்பிய சுவரின் ஒருபகுதி 2008-ல் தான் இடிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலில் ஆதிதிராவிட மக்கள் முதன்முறை உட்புகுந்தது 2023 ஜனவரியில். அஃதாவது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எழுபத்தாறு ஆண்டுகட்குப் பின்னர். சட்டம் சட்டப் புத்தகத்தில் இருந்தது, திருத்தொண்டத்தொகை திருமுறையில் இருந்ததுபோலவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சமய அடையாளம் நீதிக்குப் பகையன்று என்பதும், நீதிக்கு ஈடும் அன்று என்பதும் பெறப்படும். நந்தனார் திருவுருவம் நாயன்மார் வரிசையில் நிற்பது நம் பெருமைக்குச் சான்று என்று மட்டும் எண்ணுதல் கூடாது. அது நமக்கு எதிர் நிற்கும் சாட்சியும் ஆகும். அவ்வுருவத்தைத் தொழும் ஒவ்வொருவரும் அதன் முன்னர் விடையிறுக்கும் கடப்பாடு உடையர்.

ஆகவே, வரும் உரோகிணி நாளில் குருபூசை நிகழ்த்தும் அன்பர்கள் திருமஞ்சனமும் அமுதும் அமைப்பதோடு அமையாது, தத்தம் ஊரில் சிலவற்றை வினவுதல் நன்று. சேரியினர் அன்று நம்மோடு ஒரே வரிசையில் நிற்கின்றனரா? தேர் வடத்தில் அவர் கையும் படுகின்றதா? கோயில் நிலத்தை உழுவார்க்கு உரிய பங்கு கிடைக்கின்றதா? ஓதுவார் பள்ளியில் அவர்தம் பிள்ளைகள் திருமுறை பயில்கின்றனரா? இவற்றுக்கு ஆம் என்று விடை கூறும் ஊரிலேதான் நந்தனார் உண்மையாக உட்புகுந்தாராவர்.

'நாளைப் போவேன்' என்பது ஓரடியாரது அன்பின் தவிப்பும் அச்சமும் கலந்த சொல். அவரை அஞ்சுவித்த ஊரார், அந்த நாளையைத் தமக்குரிய தவணையாகக் கொண்டு பல நூற்றாண்டு கழித்தனர். இனித் தவணை கேட்டல் சிவநெறிக்கு அடாது.

திருச்சிற்றம்பலம்.